குத்தகைக்காரரிடம் வேலை செய்தவர் தோட்டத்தில் இறந்தால் இழப்பீடு யார் பொறுப்பு?

பெர்ணம்கரை எழுதியது:

மலேசியாவின் ஊத்தான் மெலிந்தாங் சுற்றுவட்டாரச் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்களில் இப்போது பழம் வெட்டுவது, மருந்தடிப்பது, பழம் ஏற்றுவது எல்லாமே பெரும்பாலும் குத்தகைக்காரர் (வேலையை ஒப்பந்தத்துக்கு எடுப்பவர்) கையில்தான். ஒரு மரணம் நடந்தால் ஆளுக்கு ஒரு பக்கம் கையை விரிக்கிறார்கள். தோட்டம் “அது குத்தகைக்காரர் ஆள்” என்கிறது. குத்தகைக்காரர் “நான் டன் கணக்கில் காசு கொடுத்தேன், அவர் என் தொழிலாளியே இல்லை” என்கிறார். நடுவில் குடும்பம் நிற்கிறது.

பேச வசதியாக ஒரு எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். 40 வயதுக்காரர், மனைவி, மூன்று பிள்ளைகள். அடிப்படைச் சம்பளம் 1,700 ரிங்கிட். வெட்டிய டன்னுக்கு ஊக்கத்தொகை சேர்த்து மாதம் 2,300 வரை கைக்கு வருகிறது. சம்பளச் சீட்டில் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம், மலாயில் பெர்கேசோ) பிடித்தம் இல்லை. உயரமான செம்பனையில் குலை வெட்டும்போது அலுமினியக் கழி மின்கம்பியில் பட்டு அந்த இடத்திலேயே இறந்துவிடுகிறார்.

யார் கொடுக்க வேண்டும்? எவ்வளவு? முதலாளி மேல் வழக்குப் போட முடியுமா? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். பொதுவான அறிவுரை வேண்டாம், எந்தக் கதவை எப்போது தட்டுவது என்று வேண்டும்.

---

கணக்குமேசை எழுதியது:

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுவோம். முதலாளி சொக்சோ கட்டவில்லை என்பதற்காகக் குடும்பத்தின் உரிமை போய்விடாது. 1969ஆம் ஆண்டு ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் யார் காப்பீடு பெற்றவர் என்று சொல்லும்போது, சந்தா ‘கட்டப்பட்டவர்’ என்று மட்டும் சொல்லவில்லை, ‘கட்டப்பட வேண்டியவர்’ என்று இருக்கிறது. வேலை செய்த முதல் நாளிலேயே விபத்து நடந்தாலும் வேலை விபத்துத் திட்டம் அவரைச் சேரும். இத்தனை மாதம் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இந்தத் திட்டத்துக்குக் கிடையாது.

கட்டாமல் விட்ட சந்தாவை பெர்கேசோ முதலாளியிடம் வட்டியோடு வசூலிக்கும். சந்தா அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும், தாமதத்துக்கு ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டி. கட்டாமல் இருப்பது குற்றமும்கூட: 10,000 ரிங்கிட் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

இப்போது தோட்டமா, குத்தகைக்காரரா என்ற கேள்வி. இந்தச் சட்டத்தில் இரண்டு முதலாளிகள் உண்டு. ஒருவர் முதன்மை முதலாளி, மற்றவர் உடனடி முதலாளி. தோட்டத்துக்குள், தோட்டத்தின் வழக்கமான வேலையைக் குத்தகைக்கு எடுத்துச் செய்பவர் உடனடி முதலாளி. அவருடைய ஆட்களுக்கும் முதலில் சந்தா கட்ட வேண்டிய கடமை முதன்மை முதலாளியுடையது. பிறகு அவர் குத்தகைக்காரரிடம் கழித்துக்கொள்ளலாம். பழம் வெட்டுவது தோட்டத்தின் மையமான வேலை. ஆகவே “எங்கள் ஆள் இல்லை” என்று தோட்டம் ஒதுங்கிக்கொள்வது அவ்வளவு எளிதல்ல. பெர்கேசோவில் எழுதிக் கொடுக்கும்போது இருவர் பெயரையும் எழுதுங்கள். குத்தகைக்காரர் பெயரை மட்டும் எழுதினால், அவரைத் தேடிக் கண்டுபிடிப்பதிலேயே மாதங்கள் ஓடிவிடும்.

டன் கணக்கில் காசு வாங்கியதால் தொழிலாளி இல்லை என்பதும் நிற்காத வாதம். வேலைச் சட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் 101C பிரிவு நடப்பில் இருக்கிறது. எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலை செய்யும் முறையையும் நேரத்தையும் யார் தீர்மானித்தார், கருவி யாருடையது, அந்த வேலை முதலாளியின் தொழிலோடு ஒட்டியதா, வருமானத்தின் பெரும்பகுதி அங்கிருந்து ஒழுங்காக வந்ததா என்று பார்த்து, மறுத்து நிரூபிக்கும் வரை அவர் தொழிலாளி என்றே கொள்ளப்படும். அது வேலைச் சட்டத்துக்கான அனுமானம்தான். ஆனால் அதே சான்றுகள்தான் பெர்கேசோவிலும் பேசும். காலைப் பெரட்டில் (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பு) பெயர் கூப்பிட்ட ஏடு, மண்டோர் (மேற்பார்வையாளர்) வாட்சாப்பில் அனுப்பிய தீம்பார் (தோட்டப் பகுதி) எண், டன் சீட்டு, வங்கியில் காசு ஏறிய தேதிகள். இவை எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

---

சட்டப்பலகை எழுதியது:

கணக்குமேசை அண்ணன் சொன்னதற்கு மறுபக்கமும் இருக்கிறது. குடும்பங்கள் தாமதமாகத் தெரிந்துகொண்டு மனம் உடைவது இங்கேதான்.

அந்த 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் 31ஆவது பிரிவு, காப்பீடு பெற்ற தொழிலாளியோ அவரைச் சார்ந்தவர்களோ வேலை விபத்துக்காக முதலாளியிடமிருந்தும் முதலாளியின் மற்ற ஊழியர்களிடமிருந்தும் வேறு எந்தச் சட்டத்தின் கீழும் நட்டஈடு பெற முடியாது என்கிறது. மண்டோர் அலட்சியமாக இருந்தார், மின்கம்பி ஓடும் வரிசையில் ஆளை அனுப்பினார் என்று நிரூபித்தாலும், பொதுச் சட்ட வழக்கு அந்தச் சுவரில் மோதி நிற்கும். அதற்கு ஈடாகத்தான் பெர்கேசோ யார் தவறு என்று பார்க்காமல் கொடுக்கிறது. இறந்தவரே கவனக்குறைவாக இருந்தார் என்று முதலாளி சொன்னாலும் தொகை குறையாது.

இந்தச் சுவர் எந்த அளவுக்கு நீளும் என்பதுதான் வழக்கறிஞர்கள் மோதிக்கொள்ளும் இடம். குத்தகைக்காரர் உடனடி முதலாளி. தோட்டம் முதன்மை முதலாளி என்று ஒப்புக்கொண்டால் அதற்கும் 31ஆவது பிரிவின் பாதுகாப்பு உண்டு என்று வாதாடும். அதாவது பெர்கேசோ மேசையில் “நான் முதலாளி இல்லை” என்று சொல்லும் தோட்டம், நீதிமன்றத்தில் “நான்தான் முதன்மை முதலாளி” என்று சொல்லக்கூடும். அதனால் தோட்டம் ஆரம்பத்தில் கையெழுத்திட்டுக் கொடுக்கும் கடிதம் ஒவ்வொன்றின் நகலும் முக்கியம்.

முதலாளி அல்லாத மூன்றாம் தரப்பினர் மேல் வழக்குப் போடத் தடை இல்லை. கம்பி தாழத் தொங்கியதற்குப் பொறுப்பானவர், பழுதான இயந்திரத்தை விற்றவர், சாலையில் மோதிய வேறு வண்டிக்காரர், வேறு நிறுவனத்தின் லாரி ஓட்டுநர். இவர்கள் மேல் வழக்கும் பெர்கேசோ தொகையும் ஒரே நேரத்தில் நடக்கலாம். ஆகவே இறப்பு நடந்தவுடன் கேட்க வேண்டிய கேள்வி, முதலாளியைத் தவிர வேறு யாருடைய தவறு இதில் கலந்திருக்கிறது என்பது.

---

மல்லிகா_HM எழுதியது:

கணக்குமேசை அண்ணே, தொகையை எடுத்துக்காட்டோடு போட்டுக் காட்டுங்களேன். சம்பளத்தை 26 நாளால் வகுப்பதா, 30ஆல் வகுப்பதா என்று இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்.

---

கணக்குமேசை எழுதியது:

30தான் அக்கா. 26 என்பது வேலைச் சட்டத்தில் ஒரு நாள் சம்பளம், ஓய்வு நாள் கூலி கணக்கிடுவதற்கு. அதை இங்கே கொண்டுவரக் கூடாது.

முதலில் ‘கருதப்படும் சம்பளம்’. சந்தா அட்டவணை 100 ரிங்கிட் படிகளாகப் போகிறது, ஒவ்வொரு படிக்கும் நடு எண்தான் கணக்கு. 2,200க்கு மேல் 2,300 வரை வாங்குபவருக்குக் கருதப்படும் சம்பளம் 2,250. முதல் வகையில் (வேலை விபத்து, இயலாமை இரண்டு திட்டத்துக்கும் சேர்த்துக் கட்டுவது) முதலாளி பங்கு 39.35, தொழிலாளி பங்கு 11.25. விபத்து நடந்த மாதத்துக்கு முந்திய ஆறு மாதங்களின் சராசரியை எடுத்து 30ஆல் வகுத்தால் ஒரு நாள் 75 ரிங்கிட். சார்ந்திருப்போர் உதவித்தொகை, படிவத்தில் ‘ஃபாயிடா ஓராங் தங்குங்கான்’, அதில் 90 விழுக்காடு. ஆக நாளொன்றுக்கு 67.50. மனைவிக்கு ஐந்தில் மூன்று பங்கு, 40.50. பிள்ளைகளுக்கு ஐந்தில் இரண்டு பங்கு, 27.00, அதை மூவரும் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். 30 நாள் மாதத்தில் மொத்தம் 2,025: மனைவி 1,215, பிள்ளைகள் 810.

பிள்ளைகளுக்கு 21 வயது வரை அல்லது திருமணம் வரை. முதல் பட்டப்படிப்பு படித்துக்கொண்டிருந்தால் அது முடியும் வரை. ஒவ்வொரு கல்வித் தவணைக்கும் படிப்புச் சான்று கேட்பார்கள், கொடுக்க மறந்தால் தொகை நின்றுவிடும். மனைவியும் பிள்ளையும் இல்லாத இளைஞர் இறந்தால் பெற்றோருக்குப் பத்தில் நான்கு பங்கு. எவ்வளவு குறைந்த சம்பளமாக இருந்தாலும் நாள் விகிதம் 30 ரிங்கிட்டுக்குக் கீழே போகாது.

இப்போது பெரிய ஓட்டையைப் பார்ப்போம். குத்தகைக்காரர் அடிப்படைச் சம்பளமான 1,700க்கு மட்டும் சந்தா கட்டியிருந்தால் கருதப்படும் சம்பளம் 1,650. நாளுக்கு 55, அதில் 90 விழுக்காடு 49.50. மாதம் 1,485. குடும்பத்துக்கு மாதம் 540 ரிங்கிட் குறைகிறது, அதுவும் ஆண்டுக்கணக்கில். ஊக்கத்தொகை, மேலதிக நேரக் கூலி, விடுப்புச் சம்பளம், படிகள் எல்லாமே சொக்சோவுக்குச் சம்பளம்தான். ஆண்டு போனஸ், பயணப்படி, வேலையை விட்டு நிற்கும்போது கொடுக்கும் பணிக்கொடை, முதலாளியின் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பங்கு ஆகியவைதான் சேராது. டன் காசைத் தனிச் சீட்டில் கொடுத்து அது சம்பளம் இல்லை என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உதவித்தொகை முடிவாவதற்கு முன்பே, உண்மையான வருமானத்தின் வங்கிக் கணக்கு அறிக்கையோடு பெர்கேசோவுக்கு எழுத்தில் முறையிடுங்கள். முடிவு வந்த பிறகு திருத்துவது பல மடங்கு கடினம்.

சந்தாவுக்கான சம்பள உச்சவரம்பு 2024 அக்டோபர் 1 முதல் 6,000 ரிங்கிட். வெட்டுபவர்களுக்கு அது பெரிதாகத் தாக்காது, ஆலைப் பொறியாளர், மேலாளர் குடும்பங்களுக்குத்தான் கணக்கு.

---

தீம்பார்காவல் எழுதியது:

பாதுகாப்புப் பக்கத்திலிருந்து முதல் சில நாட்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பிற்பாடு எழும் சண்டைகள் அத்தனைக்கும் சான்று உருவாவதும் அழிவதும் அந்த நாட்களில்தான்.

மரணம் நடந்த இடத்தைக் கலைக்கக் கூடாது. உயிரைக் காப்பாற்றவோ, மேலும் ஆபத்தைத் தடுக்கவோ தவிர, ஜேகேகேபி (வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை) அதிகாரி அனுமதிக்கும் வரை எதையும் நகர்த்துவது குற்றம். நடைமுறையில் என்ன நடக்கிறது? மதியத்துக்குள் கழியை எடுத்துவிடுவார்கள், மறுநாள் அந்த வரிசையில் கிளைகளை வெட்டித் தள்ளியிருப்பார்கள். உடன் வேலை செய்தவர் யாராவது கழி கிடந்த இடம், கழியின் நீளம், கம்பியின் உயரம், பக்கத்து மரம், எச்சரிக்கைப் பலகை இருந்ததா இல்லையா என்பதை உடனே கைப்பேசியில் படம் பிடித்து வைக்க வேண்டும். படத்தில் கம்பமும் கம்ப எண்ணும் தெரியட்டும்.

முதலாளி ஜேகேகேபிக்கு மிக விரைவான வழியில் உடனே சொல்ல வேண்டும், 7 நாட்களுக்குள் ஜேகேகேபி 6 படிவத்தில் எழுத்து அறிக்கை கொடுக்க வேண்டும். பெர்கேசோவுக்கு 48 மணி நேரத்துக்குள் விபத்து அறிக்கை, பொராங் (படிவம்) 21. மின்சார விபத்து என்றால் எரிசக்தி ஆணையமும் விசாரிக்கும். இந்த மூன்றும் மூன்று தனிக் கோப்புகள். ஒன்றில் எழுதியது இன்னொன்றுக்குத் தானாகப் போய்ச் சேராது.

2024 ஜூன் 1 முதல் திருத்தப்பட்ட வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் நடப்பில் இருக்கிறது. பொதுக் கடமையை மீறிய முதலாளிக்கு அபராத உச்சம் 50,000இலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்ந்தது, இரண்டு ஆண்டு வரை சிறையும் உண்டு. குத்தகைக்கு விடும் நிறுவனத்துக்கும் தனிக் கடமை சேர்ந்திருக்கிறது. ஐந்து பேரோ அதற்கு மேலோ வைத்திருப்பவர் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமித்திருக்க வேண்டும். சிறு குத்தகைக்காரர் பலர் இதைச் செய்வதில்லை, அதையும் விசாரணை அதிகாரியிடம் கேட்கச் சொல்லுங்கள்.

ஒன்றைக் குடும்பத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. அந்த அபராதம் அரசாங்கத்துக்குப் போகும், குடும்பத்துக்கு ஒரு காசும் வராது. ஆனால் விசாரணையில் வெளிவரும் உண்மைகள் மூன்றாம் தரப்பு வழக்குக்கு உயிர் கொடுக்கும்.

கழி பற்றியும் சொல்ல வேண்டும். நீட்டிய அலுமினியக் கழி மின்சாரத்தைத் தடையில்லாமல் கடத்தும். உயர் அழுத்தக் கம்பியில் அது தொட வேண்டும் என்றுகூட இல்லை, மிக நெருங்கினாலே பாயும். காலையில் பனியில் நனைந்த கழி, ஈரக் கையுறை, ஈர மண் எல்லாம் சேர்ந்தால் தப்பிக்க வழியில்லை. கம்பி ஓரத்து மரங்களை வரைபடத்தில் குறித்து, அங்கே மின்கடத்தாக் கழி மட்டும் பயன்படுத்த வேண்டும், அல்லது அந்த மரங்களையே அகற்ற வேண்டும். ‘கவனமாக வெட்டு’ என்று பெரட்டில் சொல்வது பாதுகாப்பு ஏற்பாடு ஆகாது.

---

பெர்ணம்கரை எழுதியது:

நன்றி. காவல் நிலையம், மருத்துவமனைப் பக்கம்?

---

சட்டப்பலகை எழுதியது:

திடீர் மரணம் என்பதால் போலீஸ் ‘எஸ்.டி.ஆர்.’ (திடீர் மரண அறிக்கை) கோப்பு திறக்கும். புகாரின் முதல் வரியில் என்ன எழுதுகிறார்கள் என்று குடும்பத்தில் ஒருவர் பக்கத்தில் நின்று படித்துப் பார்க்க வேண்டும். “தோட்டத்தில் இறந்து கிடந்தார்” என்பதற்கும் “காலை வேலையில் குலை வெட்டிக்கொண்டிருந்தபோது மின்சாரம் தாக்கி இறந்தார்” என்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. வேலையின் போது என்ற சொல், நேரம், தீம்பார் எண், வேலை கொடுத்தவர் பெயர் நான்கும் இருக்கட்டும்.

பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்று அவசரப்படுத்துவார்கள், சடங்குக்கு நேரமாகிறது என்று குடும்பமும் நினைக்கும். தயவு செய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். மரணக் காரணம் எழுத்தில் இல்லாவிட்டால், மின்சாரமா மாரடைப்பா என்ற சந்தேகத்தை யாராவது கிளப்பினால் பதில் சொல்ல எதுவும் இருக்காது. முழு அறிக்கை கிடைக்கச் சில மாதம் ஆகும். மனு எழுதிக் கட்டணம் கட்டி, நெருங்கிய உறவினர் வாங்கலாம்.

---

மல்லிகா_HM எழுதியது:

மாரடைப்பு என்றால்? மருந்தடிக்கப் போனவர் வெயிலில் மயங்கி விழுந்து இறந்தார் என்று கேள்விப்படுகிறோம். அதெல்லாம் வேலை விபத்தாகுமா?

---

கணக்குமேசை எழுதியது:

வேலை நேரத்தில் நடந்த விபத்து, மாறான சான்று இல்லாதவரை, வேலையால் நடந்தது என்று 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆவது பிரிவு அனுமானிக்கிறது. ஆனால் அது விபத்துக்கு. நோயால் வந்த மரணத்தை வேலையோடு மருத்துவ ரீதியாக இணைத்துக் காட்ட வேண்டும். முதுகில் நிறைந்த மருந்துத் தோம்பு, வெயில், இடைவேளை இல்லாமல் எத்தனை மணி நேரம், அன்றைய வேலை அளவு, குடிநீர் இருந்ததா என்பதை உடன் வேலை செய்தவர்கள் எழுதிக் கொடுத்தால் மருத்துவக் குழுவுக்கு ஏதோ கையில் இருக்கும். வெறும் ‘மாரடைப்பு’ என்ற ஒற்றைச் சொல்லோடு போனால் பெரும்பாலும் நிராகரிப்புதான்.

நிராகரித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று வீட்டுக்குத் திரும்பாதீர்கள். இரண்டாவது திட்டம் இருக்கிறது. இறந்தவர் 60 வயதை எட்டாதவர், இயலாமைத் திட்டத்தில் சந்தா கட்டியவர் என்றால், மரணம் எதனால் நடந்தாலும் ‘பென்சென் பெனாகாட்’ (உயிரோடிருக்கும் குடும்பத்தாருக்கான ஓய்வூதியம்) குடும்பத்துக்குக் கிடைக்கும். இதற்குத்தான் மாதக் கணக்கு வேண்டும். கடந்த 40 மாதங்களில் 24 மாதச் சந்தா இருந்தால் முழு ஓய்வூதியத் தகுதி. அல்லது திட்டத்தில் சேர்ந்ததிலிருந்து மொத்த மாதங்களில் மூன்றில் இரண்டு பங்கும், குறைந்தது 24 மாதமும். மூன்றில் ஒரு பங்கும் 24 மாதமும் மட்டும் இருந்தால் குறைந்த ஓய்வூதியம்.

குத்தகை ஆட்களுக்கு அடி விழுவது இங்கேதான். ஆறு மாதம் ஒருவரிடம், மூன்று மாதம் சும்மா, பிறகு சந்தா கட்டாத வேறொருவரிடம். இடைவெளிகளைக் கூட்டிப் பார்த்தால் 24 வராது. வேலை செய்த, ஆனால் கட்டப்படாத மாதங்களை முதலாளி வாரியாகப் பட்டியலிட்டுச் சான்றோடு கொடுங்கள், அவற்றையும் பெர்கேசோ விசாரித்து வசூலிக்க முடியும். உயிரோடு இருப்பவர்களும் அடையாள அட்டையோடு பெர்கேசோ முகப்புக்குப் போய்த் தங்கள் சந்தாப் பதிவைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். தெலுக் இந்தானுக்குப் போகும் ஒரு நாளில் அதையும் முடித்துக்கொள்ளலாம்.

---

தீம்பார்காவல் எழுதியது:

மோட்டார் சைக்கிள் மரணங்களையும் சேர்க்க வேண்டும். விடியற்காலை இருட்டில் லயத்திலிருந்து (தோட்டக் குடியிருப்பு வரிசை) தீம்பாருக்குப் போகும்போது லாரியில் அடிபடுகிறார்கள். வீட்டிலிருந்து வேலையிடம் போகிற வழி, வேலையிலிருந்து திரும்புகிற வழி, அனுமதிக்கப்பட்ட இடைவேளையில் சாப்பிடப் போய் வருகிற வழி, வேலை விஷயமாகப் போகும் பயணம் எல்லாமே வேலை விபத்துதான். பாதை மாறினாலோ பயணத்தை இடையில் நிறுத்தினாலோ சிக்கல். பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் விடத் திரும்பினார், கடையில் நின்றார் என்பது போன்றவை கேள்விக்குள்ளாகும். வீடு, விபத்து இடம், வேலையிடம் மூன்றையும் குறித்த வழிப்படம், அன்றைய வேலை தொடங்கும் நேரம், போலீஸ் புகார் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். நேரம் முரண்பட்டால் அதை விளக்கி எழுதுங்கள், விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, ஆலையில் கழிவுநீர்த் தொட்டி, குழி. ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தேங்கும். அதிக அளவில் மணமே தெரியாமல் போய்விடும், மூக்கு மரத்துவிடும். ஒருவர் விழுந்ததும் காப்பாற்ற இறங்கியவரும் இறப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. “அவரை யாரும் இறங்கச் சொல்லவில்லை” என்று முதலாளி சொல்வார். வேலையிடத்தில் ஆபத்தில் இருப்பவரைக் காப்பாற்றப் போய் இறந்தால் அதுவும் வேலை விபத்து என்று சட்டமே சொல்கிறது, 25ஆவது பிரிவு. இரண்டாவது குடும்பத்துக்கும் முழு உரிமை உண்டு.

---

பெர்ணம்கரை எழுதியது:

வங்காளதேச, இந்தோனேசியத் தொழிலாளர்களுக்கு?

---

கணக்குமேசை எழுதியது:

2019 ஜனவரி 1 முதல் அவர்களும் பெர்கேசோ வேலை விபத்துத் திட்டத்தில். அதற்கு முன்பு 1952ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் ஒரே முறை ஒரு தொகை, அவ்வளவுதான். இப்போது ஊரில் இருக்கும் மனைவி மக்களுக்கு மாதாந்திரத் தொகை போக வேண்டும். 2024 ஜூலை 1 முதல் இயலாமைத் திட்டத்திலும் சேர்ந்திருக்கிறார்கள். தடையாக இருப்பது காகிதம்: திருமணச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, வங்கிக் கணக்கு ஆகியவை அவர்கள் நாட்டிலிருந்து மொழிபெயர்த்து, உறுதிப்படுத்தி வர வேண்டும். உடலை அனுப்பியதோடு முதலாளி கோப்பை மூடிவிடக் கூடாது. உடன் தங்கியிருக்கும் நண்பர்கள் தூதரகத்தின் தொழிலாளர் பிரிவில் ஊர் முகவரியும் தொலைபேசி எண்ணும் கொடுத்து வைக்க வேண்டும்.

---

சட்டப்பலகை எழுதியது:

மூன்றாம் தரப்பு வழக்கின் கணக்கையும் போட்டுவிடுகிறேன். 1956ஆம் ஆண்டு சிவில் சட்டம், 7ஆவது பிரிவு சார்ந்திருந்தோருக்கு, 8ஆவது பிரிவு இறந்தவரின் சொத்துரிமைக்கு. 2019 செப்டம்பர் 1 முதல் கணக்கு மாறியது. இறந்தவர் 30 வயது அல்லது குறைவு என்றால் பெருக்கும் எண் 16. 31 முதல் 59 வரை, 60இலிருந்து வயதைக் கழித்து இரண்டால் வகுக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் 40 வயது: 20ஐ இரண்டால் வகுத்தால் 10. அவர் தன் செலவு போகக் குடும்பத்துக்கு மாதம் 1,400 கொடுத்தார் என்று நிரூபித்தால், 1,400 பெருக்கல் 12 பெருக்கல் 10, ஆக 168,000 ரிங்கிட். துயர ஈடு 30,000, முன்பு 10,000ஆக இருந்தது. ஈமச்செலவு ரசீதோடு.

இறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் பதிவாக வேண்டும். ஜேகேகேபி விசாரணை முடியட்டும், பிரேதப் பரிசோதனை அறிக்கை வரட்டும் என்று காத்திருந்து காலம் கடந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. அறிக்கைகள் வராவிட்டாலும் வழக்கைத் தொடங்கலாம். மாதம் 1,400 கொடுத்தார் என்பதற்குச் சான்று தேடுவதையும் இப்போதே தொடங்குங்கள்: வீட்டு வாடகை, பள்ளிச் செலவு, மனைவி கணக்குக்கு அனுப்பிய காசு. எல்லாம் ரொக்கம் என்றால் மனைவியின் வாய்மொழி மட்டும்தான் இருக்கும், எதிர்த்தரப்பு அதைக் குறைக்கவே பார்க்கும்.

முதலாளி தரும் கருணைத்தொகை பற்றி: வாங்கலாம், தவறில்லை. கூடவே நீட்டும் காகிதத்தைப் படியுங்கள். “முழுமையான இறுதித் தீர்வு, இனி யார் மேலும் கோரிக்கை இல்லை” என்று இருந்தால் அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள். பெர்கேசோ உரிமையைக் குடும்பம் வேறு யாருக்கும் மாற்றிக் கொடுக்க முடியாது. ஆனால் ‘யார் மேலும்’ என்ற சொல் மூன்றாம் தரப்பு வழக்கில் வந்து நிற்கும். கருமாதிக்கு முன்னால் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ‘மாலைக்குள் போட்டால்தான் காசு’ என்று அவசரப்படுத்துபவர் கொடுக்கும் காகிதத்தை முதலில் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். சட்ட உதவிக்கு ஜபத்தான் பந்துவான் குவாமான் (அரசின் சட்ட உதவித் துறை) இருக்கிறது.

தொழிற்சங்க உறுப்பினர் என்றால் கூட்டு ஒப்பந்தத்தில் மரண உதவி, பணிக்கொடை உண்டா என்று சங்கத்தில் கேளுங்கள். இபிஎஃப் பணம் தனி, அதற்கு வாரிசு நியமனம் இருக்கிறதா என்று பாருங்கள். இவற்றுக்கும் 31ஆவது பிரிவுக்கும் சம்பந்தம் இல்லை.

---

மல்லிகா_HM எழுதியது:

கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாத குடும்பங்கள் நம் லயங்களில் இன்னும் இருக்கின்றன. அவர்கள் கதி?

---

சட்டப்பலகை எழுதியது:

இதுதான் மிக வலிக்கும் இடம் அக்கா. 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் பிறகு நடந்த திருமணத்துக்குப் பதிவுச் சான்றுதான் எல்லா முகப்பிலும் கேட்கப்படும். கோயில் படமும் ஊர்ப் பெரியவர் கடிதமும் விதவை என்ற உரிமையை நிலைநாட்டப் போதாது என்று நிராகரிக்கலாம். அப்படி நடந்தால் பிள்ளைகள் வழியாகப் போக வேண்டும். பிறப்புச் சான்றில் தந்தை பெயர் இருந்தால் பிள்ளைகளின் கோரிக்கை தனியாக நிற்கும், தாய் காப்பாளராக விண்ணப்பிக்கலாம். தந்தை பெயர் இல்லாவிட்டால் மரபணுச் சான்று வரை போக நேரிடும், அதற்கும் பிரேதப் பரிசோதனையின் போதே மாதிரி எடுத்து வைக்கக் கேட்க வேண்டும். தகனம் முடிந்த பிறகு அவரிடமிருந்து மாதிரி எடுக்க வழியில்லை.

பெர்கேசோ முடிவு தவறு என்று தோன்றினால் சமூகப் பாதுகாப்பு மேல்முறையீட்டு மன்றத்துக்குப் போகலாம், சட்டக் கேள்வி என்றால் அங்கிருந்து உயர் நீதிமன்றம். நிராகரிப்புக் கடிதத்தின் தேதியிட்ட உறையையும் சேர்த்து வையுங்கள்.

---

லோரிப்பாதை எழுதியது:

சொந்த லாரியில் பழம் ஏற்றுபவர், சொந்தக் கருவியோடு பல சிறுதோட்டங்களுக்குப் புல் வெட்டுபவர், இவர்கள் உண்மையிலேயே யாருக்கும் தொழிலாளி இல்லை. இவர்களுக்கு?

---

கணக்குமேசை எழுதியது:

2017ஆம் ஆண்டு சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டம். முதலில் டாக்சி, இ-ஹெய்லிங் ஓட்டுநர்களுக்கு வந்தது, 2020இல் விவசாயம், சரக்குப் போக்குவரத்து என்று விரிந்தது. நான்கு திட்டங்கள்: ஆண்டுக்கு 157.20, 232.80, 442.80, 592.80 ரிங்கிட். காப்பீடு செய்யப்படும் மாத வருமானம் முறையே 1,050, 1,550, 2,950, 3,950. சார்ந்திருப்போர் தொகை அந்த எண்ணிலிருந்துதான் வரும், ஆகவே மலிவானதை எடுத்துவிட்டு வருமானம் 4,000 என்று பின்னால் சொல்ல முடியாது. ஆண்டு முடிந்ததும் புதுப்பிக்க வேண்டும், புதுப்பிக்காத நாளில் நடந்த விபத்துக்குப் பாதுகாப்பு இல்லை.

குத்தகைக்காரர் தன் ஆட்களை இந்தத் திட்டத்தில் தள்ளிவிட்டு “நீ சுயதொழிலாளி” என்று சொல்வதும் நடக்கிறது. தோட்டத்துக் கழி, மண்டோர் சொன்ன வரிசை, காலைப் பெரட்டில் பெயர் என்று இருந்தால் அவர் சுயதொழிலாளி இல்லை. ரசீது கையில் இருந்தாலும் பொராங் 21ஐ முதலாளியிடம் கேளுங்கள். அவர் மறுத்தால், மறுத்த தேதியை எழுதிக் குடும்பமே நேராகப் பெர்கேசோவில் கோரிக்கையைப் பதிவு செய்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.